உப்பும் முன்பணமும்: மரக்காணக் கரையில் மீனவர் நலக் கொள்கையின் தொடக்கம்

சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்குப் பாணர்க்கு நுளையர் அளித்த விருந்தில் உலர்ந்த குழல்மீனும் இடம்பெறுகிறது. கருவாடு இக்கரையின் பழம்பொருள் என்பதற்கு இதனினும் முந்திய சான்று தேட வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய உப்பும் மரக்காணத்து அளங்களிலேயே விளைந்தது. ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில், தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனம் வட்டத்தில் இவ்வூர் அடங்கியிருந்த காலத்தில், கண்ணெதிரே குவிந்த உப்பு மீனவர்க்கு எட்டாப் பொருளாயிற்று. காரணம் உப்பு வரி.

வரி செலுத்த இயலாதோர் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தினர்; சரக்கு விரைவில் கெட்டது, விலையும் தாழ்ந்தது. 1873-இல் வெளிவந்த பிரான்சிஸ் டேயின் கடல்மீன் அறிக்கை இக்கேட்டை எடுத்துரைத்தது. அதன்பின் சென்னை மாகாணக் கரையில் அரசு மீன் உப்பிடும் களங்களை அமைத்து, வரியில்லா உப்பை வழங்கியது. சலுகைக்கு வேலியும் இருந்தது: அவ்வுப்பைக் களத்துக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும். வருவாய் கசிந்துவிடலாகாது என்னும் அச்சமே இவ்விதியின் உயிர்நாடி. களத்திற்குத் தொலைவிலிருந்த சிறு குப்பங்களில், கூடையளவு மீனை மணலில் உலர்த்திய பெண்களுக்கு இதனால் விளைந்த பயன் சிறிதே எனக் கருத இடமுண்டு.

1905-இல் மீன்வள ஆய்வுப் பணியேற்ற பிரடெரிக் நிக்கல்சன், முன்னரே வேளாண் வங்கிகள் குறித்து 1895, 1897 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகள் எழுதியவர். உழவர் கடனை ஆராய்ந்தவரே மீன்துறைக்கு வந்தது குறிப்பிடத்தக்கது. 1907-இல் தனிப் பணியகம் உருவாயிற்று. எனினும், முன்பணம் கொடுத்த வணிகரிடமே, அவர் சொல்லும் விலைக்கே மீனை விற்கும் வழக்கம் உழவர் கடனினும் சிக்கலானது. நிலம்போல் ஈடுகாட்டக் கடல் எவர்க்கும் உரிமையில்லை.

உப்பு வரி 1947-இல் நீங்கியது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் பரப்பை விசைப்படகுகளிடமிருந்து காத்து, கட்டுமரத்திற்கும் சிறுபடகிற்கும் ஒதுக்கியது. அச்சட்டம் வலை விழும் நீரைப் பற்றியது. கரையேறிய மீனை முன்பணக்காரர் எவ்விலைக்குக் கொள்ளலாம் என்பது அதன் எல்லைக்குள் வரவில்லை.