விதியை எழுதிய கை

ஆசிரியர் சீறி விழுகிறார். மாணவன் அஞ்சி ஒடுங்குகிறான். ஏன் என்று கேட்டால், அவர் சுபாவம் என்பர் சிலர். அவன் தலைவிதி என்பர் வேறு சிலர். நாம் கேட்பதோ, அந்தச் சீற்றத்தையும் அச்சத்தையும் வளர்த்துவிட்ட சூழ்நிலை எது என்பது. வரலாற்றின் ஒரு பக்கம் இதற்கு விடை தருகிறது.

1862இல் இங்கிலாந்தில், கல்விப் பொறுப்பை ஏற்றிருந்த இராபர்ட் லோ, புதிய மானிய விதிகளைப் புகுத்தினார். சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசு நேரடியாக வழங்கிவந்த உதவித்தொகை நின்றது. மானியம் இனிப் பள்ளி நிர்வாகத்துக்கே. அதுவும் பெரும்பகுதி, தேர்வின் விளைவைப் பொறுத்தே! ஆறு வயதைக் கடந்த குழந்தை ஒன்றுக்குத் தேர்வின்பேரில் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு—மூன்றில் ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு!

குழந்தையின் நாக்குத் தடுமாறினால், பள்ளியின் வருவாய் தடுமாறும். ஆசிரியரின் ஊதியம் ஆட்டங்காணும். பசிக்கு அஞ்சிய ஆசிரியர் பிரம்பைத் தேடினார். பிரம்புக்கு அஞ்சிய குழந்தை பாடத்தைப் பொருளறியாமல் உருப்போட்டது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி "வாசித்த" பிள்ளைகள் உண்டாம்! வாய் ஒப்பித்தது; அறிவு உறங்கிற்று. மானியம் தராத பாடங்கள் மூலையில் முடங்கின.

பள்ளி ஆய்வாளராகப் பணிபுரிந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, இம்முறை கல்வியை இயந்திரமாக்கிவிட்டது எனத் தம் அறிக்கைகளில் கண்டித்தார். ஆய்வாளரையே ஏய்க்கும் வித்தையை ஆசிரியர்கள் கற்றே தீருவர் என்றும் எச்சரித்தார். அந்த ஆசிரியர்கள் பிறவியிலேயே கொடியவர்களா? அந்தப் பிள்ளைகள் பிறவியிலேயே மந்தமா? இல்லை! அச்சத்தை மேலிருந்து ஊற்றினார்கள். அது படிப்படியாக வழிந்து, கடைசியில் பிஞ்சுக் கையிலே தழும்பாக விழுந்தது.

'விளைவுக்கேற்ற ஊதியம்' எனும் அம்முறை கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கிலாந்திலோ 1890களில் அது கைவிடப்பட்டது.

எல்லாம் விதி என்பாருக்கு நாம் சொல்வோம்: ஆம், விதிதான்! ஆனால் அது விண்ணிலே எழுதப்பட்டதன்று; வெள்ளைத்தாளிலே, அமைச்சரின் மேசைமீது எழுதப்பட்டது. மனிதர் எழுதினர், மனிதரே அழித்தனர்.

ஆகவே தோழர்களே, வகுப்பறையில் பிரம்பு ஓங்கப்படுவதைக் கண்டால், பிரம்பைத் தடுப்போம். அத்துடன் நில்லாமல், ஓங்கிய கையைப் பின்னிருந்து உந்தும் விதி எது, அதை எழுதியவர் யார் என்றும் கேட்போம்.