அரைப் பென்னி

ரயில் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை பிரயாணிகளும் மூட்டை முடிச்சுகளும் வழியனுப்ப வந்தவர்களுந்தாம். ஆனால் அந்தக் காலத்து ரயில் பாதைகள் பெரும்பாலும் போடப்பட்டது மனிதனுக்காக அல்ல, கரிக்காக.

இங்கிலாந்தின் வடகிழக்கே டார்லிங்டன் என்ற ஊரில் எட்வர்ட் பீஸ் என்ற கம்பளி வியாபாரி இருந்தார். குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர், ஆடம்பரமற்றவர். அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் கரிக்குக் குறைவில்லை. ஆனால் டீஸ் நதிக்கரையிலுள்ள ஸ்டாக்டனுக்கு அது வந்து சேருவதற்குள் வண்டிக்கூலியே விலையை ஏற்றிவிடும். பீஸ் பங்குதாரர்களைத் திரட்டினார். தண்டவாளம் போட ஒரு கம்பெனி உருவாயிற்று.

1819-ல் பார்லிமெண்டில் மசோதா தோற்றது. தாம் நரி வேட்டையாடும் புதர்க்காடுகளைப் பாதை கலைத்துவிடும் என்று ஒரு பிரபு எதிர்த்து நின்றார்! பாதையை மாற்றிக்கொண்டு 1821-ல் மீண்டும் வந்தார்கள். இம்முறை குறுக்கிட்டவர் லாம்ப்டன் என்ற சுரங்க முதலாளி. கப்பலில் கரி அனுப்பும் வியாபாரத்தில் தமக்குப் போட்டி வருவதை அவர் விரும்பவில்லை. உள்ளூரில் விற்கும் கரிக்கு டன்னுக்கு மைலுக்கு நான்கு பென்னி வாங்கலாம். கப்பலேறும் கரிக்கோ அரைப் பென்னிக்கு மேல் கூடாது என்று ஒரு விதியைச் சட்டத்தில் நுழைத்தார். அந்தக் கூலிக்கு எவன் சுமப்பான் என்பது அவர் கணக்கு. கம்பெனியாரும், ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் போகாது என்று எண்ணி இணங்கிவிட்டார்கள்.

1825 செப்டம்பர் 27-ல் ஜார்ஜ் ஸ்டீபன்ஸன் தம் நீராவி எஞ்சினை ஓட்டிவர, பாதை திறக்கப்பட்டது. ஆயினும் வெகு நாள் குதிரைகளும் இழுத்தன. ஷில்டனிலிருந்து கடலை நோக்கிப் பாதை சரிவாகவே இறங்கியது. பளு தானே உருண்டு வரும். 1828 முதல் குதிரையையும் கடைசி வண்டியில் ஏற்றி, வைக்கோல் தின்றுகொண்டே வரவிட்டார்கள்!

அரைப் பென்னிக்குக் கொண்டுவந்த கரி மலிவாக இருந்தது. மலிவாக இருந்ததால் கப்பல்கள் தேடி வந்தன. சில ஆண்டுகளில் ஏற்றுமதி ஐந்து லட்சம் டன்னைத் தாண்டியது. கழுத்தை நெரிக்கப் போட்ட கயிறே கம்பெனியைத் தூக்கிவிட்டது.

ஆனால் ஸ்டாக்டன் துறையில் பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதவில்லை. 1830-ல் பாதை அவ்வூரைத் தாண்டி, நதிமுகத்தருகே மிடில்ஸ்பரோவுக்கு நீண்டது. 1801-ல் இருபத்தைந்து பேரே வாழ்ந்த அந்தக் குக்கிராமத்தில் 1841-ல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் குடியிருந்தார்கள். ரயிலுக்காகப் பாடுபட்ட ஸ்டாக்டனோ, கரி வண்டிகள் தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

1863-ல் கம்பெனி வேறொரு பெரிய கம்பெனியில் கலந்தது. அதுவரை அதன் பெயரில் முதலில் நின்றது ஸ்டாக்டன்தான். பெயரை ஸ்டாக்டனுக்கு விட்டுவிட்டு, பிழைப்பை மிடில்ஸ்பரோவுக்குக் கொடுத்துவிட்டது கரி. சரக்குக்கு ஊர்ப்பற்று கிடையாது. எங்கே கூலி குறைவோ, எங்கே ஆழம் அதிகமோ, அங்கே போய்விடுகிறது.