தேறலும் வீஞ்ஞும்: ஓர் இத்தாலிய மதுவின் பெயர் கடல் கடக்காத கதை

புறநானூற்று 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் வாழ்த்துகிறார். யவனர் கொணர்ந்த, குளிர்ச்சியும் நறுமணமும் உடைய தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் நாள்தோறும் ஊட்ட, அரசன் இனிது மகிழ்ந்திருக்க வேண்டும் என்பது வாழ்த்தின் ஒரு பகுதி. அந்தத் தேறல் எது? உரோமின் தலைசிறந்த மதுவான ஃபலேர்னியனே அது என்று சொல்லிவிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் சான்றுகள் அவ்வளவு தொலைவு வருவதில்லை. அவை எங்கே நின்றுவிடுகின்றன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

ஃபலேர்னியன் தென் இத்தாலியின் காம்பானியா வட்டாரத்தில், மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்தது. அது வெண்மது எனவும், முதிர முதிரப் பொன்னிறமும் தேன்பழுப்பும் கொண்டது எனவும் பெரும்பாலோர் கொள்வர். கி.மு. 121இல் ஒப்பீமியஸ் கான்சலாக இருந்த ஆண்டின் விளைச்சல் தலைமுறைகளுக்குப் பின்னும் பேசப்பட்டது. அந்த ஆண்டின் மது தம் காலத்தில் கசப்புத் தேன்போல் இறுகிவிட்டதாகப் பிளினி எழுதுகிறார். கொடி வகைகளுள் முதலிடத்தை அவர் 'அமீனியா' என்னும் இனத்துக்குத் தருகிறார். ஃபலேர்னியனுக்கு அடிப்படை அக்கொடியே என்பது பொதுக்கருத்து. இன்று அதே மலைச்சரிவில், 1989இல் சட்டப்படியான பிறப்பிட ஏற்புப் பெற்ற வெண்மது 'ஃபலாங்கினா' என்னும் திராட்சையிலிருந்து வடிக்கப்படுகிறது. கொடியைத் தாங்கும் முளைக்கோலின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்பர். பழைய அமீனியாவே இன்றைய ஃபலாங்கினா என்பது விற்பனைக்கு உகந்த கதை, மெய்ப்பிக்கப்பட்டதன்று. போதாக்குறைக்கு, ஃபலாங்கினா என்ற ஒரே பெயருக்குள் மரபணுவால் வேறுபட்ட இரண்டு கொடிகள் இருப்பதும் தெரியவந்துள்ளது. இத்தாலியிலேயே பெயரும் கொடியும் இவ்வாறு பிரிந்து கிடக்கும்போது, மதுரை அரண்மனையில் திராட்சையின் இனத்தைத் தேடுவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

மது வந்தது என்பதில் ஐயமில்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், வடக்கன் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடத்திய அகழாய்வுகளில் ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. முசிறித் துறைமுகம் இங்கேயே இருந்தது எனப் பலர் கருதுவதற்கு இவ்வோடுகளும் ஒரு காரணம். அவற்றுள் கணிசமானவை நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்தவை. எரிமலைக் கரும்மணல் கலந்த களிமண் அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கோஸ் தீவு, சிலிசியா, எகிப்து ஆகிய இடங்களின் சாடிகளும் உண்டு. ஆனால் களிமண் சாடி பிறந்த இடத்தைச் சொல்லும். உள்ளே இருந்த மது வெண்மையா செம்மையா என்பதைச் சொல்லாது. மேலும் நேப்பிள்ஸ் விரிகுடா வேறு, ஃபலேர்னிய வயல் வேறு. பின்னது அதற்கு வடக்கே உள்ளது.

கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளஸ்' இன்னும் சிக்கனமானது. வடமேற்கே பாரிகாசாவில், அதாவது இன்றைய பரூச்சில், மது இறக்குமதியாகிறது, இத்தாலிய மதுவுக்கே முதன்மை என்கிறது அந்நூல். முசிறிக்கும் நெல்கிந்தாவுக்கும் உரிய பட்டியலிலோ 'மது, மிகுதியாக அன்று' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. நெல்கிந்தா பாண்டியனுக்கு உரியது எனவும் அதுவே கூறுகிறது. ஆகவே நன்மாறனின் தேறல் கொற்கை வழியே வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இன்றைய கேரளக் கரையில் இறங்கியும் மதுரை சேர்ந்திருக்கலாம். முசிறியைப் பாடும் அகநானூற்று 149ஆம் பாடலில் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீள்கின்றனர். மதுவைப் பற்றி அங்கே பேச்சில்லை. பெரிப்ளஸின் கணக்கும் அதுதான்: துறைமுகத்தில் கொட்டிய சரக்கு அன்று, அரசன் வாழ்த்தில் இடம்பெறும் அளவுக்கு அரிய சரக்கு.

இவ்விரு பாடல்களிலும் 'நன்கலம்' என்ற சொல் வருகிறது. அகப்பாடலில் அது மரக்கலம். புறப்பாடலில் 'குப்பி' எனப் பழைய உரை கொள்கிறது. கப்பலுக்கும் பாண்டத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்த ஐயம் தீராது. இத்தகைய ஒப்பீடுகளுக்கு வழி திறந்த நூல்களுள் ஒன்றும் திருவனந்தபுரத்திலிருந்தே வந்தது: வ.அய். சுப்பிரமணியம் தொகுத்து, கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு.

அடுத்த சொல் 'தேறல்'. தேறு என்னும் வினைக்குத் தெளிதல் என்பது பொருள்; வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். மூங்கிற்குழாயில் முதிர்ந்ததும், கபிலர் புறம் 120இல் பாடுவதுபோல் நிலத்தில் புதைத்துப் பக்குவமானதும் தேறலே. ஆம்போராவின் உட்புறத்தில் கீல் பூசுவது வழக்கம். நாட்பட்ட மதுவில் வண்டல் படியும். உரோமர் அதை வடிகட்டியே பருகினர். முதிர்ந்து, தெளிந்து, மணக்கும் அயற்பானத்துக்குத் தமிழ்ப்புலவர் கையிருப்பில் இருந்த மிகச் சரியான சொல்லை எடுத்திருக்கிறார். இது கவிதை வழக்கு மட்டுமன்று, சரக்கைப் பார்த்தவரின் துல்லியம் என்று கொள்வதே பொருத்தம். கடன்சொல் தேவைப்படவில்லை. இலத்தீன் 'வீனும்', கிரேக்க 'ஓய்னோஸ்' இரண்டும் கலத்தோடு வந்து, கலத்தோடு திரும்பிவிட்டன.

அச்சொல் இக்கரையில் தங்கச் சுமார் 1500 ஆண்டுகள் ஆயின. இலத்தீன் 'வீனும்' போர்த்துகீசில் 'வின்யு' ஆகி, அங்கிருந்து மலையாளத்தில் 'வீஞ்ஞு' ஆயிற்று. இம்முறை சாடியோடு பூசையும் வந்தது. தேவாலயத்தில் படைக்கப்படுவது தேறலாகவோ கள்ளாகவோ இருக்க முடியாது. எனவே பெயரும் வந்தாக வேண்டியிருந்தது. தமிழோ அதே சொல்லை ஆங்கிலத்தின் வழியே 'ஒயின்' எனப் பெற்றது. பிராந்தியும் விஸ்கியும் விற்ற கடைகளுக்கு 'ஒயின் ஷாப்' எனப் பெயர்ப்பலகை மாட்டியது தனிக்கதை.

பழத்தின் பெயரிலும் இரு மொழிகளும் பிரிந்தன. முந்திரிகை என்பது முதலில் திராட்சைதான். வடமொழி 'மிருத்வீகா', பாலி 'முத்திகா' என்பவற்றோடு இணைத்து அதைக் காண்பர். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து புதிய மரம் ஒன்றைக் கொண்டுவந்தபின், தமிழகத்துத் தமிழ் அப்பெயரை அதற்குக் கொடுத்துவிட்டுத் திராட்சைக்குத் 'திராட்சை'யை வைத்துக்கொண்டது. ஈழத்தமிழ் 'முந்திரிகைப்பழம்' என்பதைத் திராட்சைக்கே காத்தது. மலையாளத்திலும் 'முந்திரி' திராட்சைதான். புதிய பருப்பைப் 'பறங்கியண்டி' என்று கொணர்ந்தவர் பெயராலேயே அழைத்தது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், நாகர்கோவிலிலிருந்து வந்தவர் பாயசத்துக்கு 'முந்திரி' கேட்டால், கடைக்காரர் மலையாளியாக இருக்கும் பட்சத்தில், கைக்கு வருவது உலர்ந்த திராட்சையாக இருக்கக்கூடும்.