கேம் ஆடும்போது மட்டும் கிராஷ்: மூன்று சிப்களின் கதை

"மத்த நேரமெல்லாம் நல்லாத்தான் ஓடுது, கேம் போட்டா மட்டும் கிராஷ் ஆகுது." வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இந்தப் புகார் என்றாவது ஒருநாள் வந்துவிடும். அதற்கு நாம் சொல்லும் பதில்களும் பழகியவைதான். கிராபிக்ஸ் டிரைவரை மாத்திப் பாரு. விண்டோஸை மறுபடி போடு. பவர் சப்ளை போதலையோ என்னவோ. ஒன்றும் சரிவரவில்லை என்றால், கேமே சரியில்ல, விடு.

பெரும்பாலும் இவற்றில் ஒன்று சரியாகவும் இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் ப்ராசஸர் கடைசியில்தான் வரும், பல சமயம் வரவே வராது. ப்ராசஸர் ஒன்று வேலை செய்யும், இல்லாவிட்டால் செத்துப்போகும், நடுவில் எதுவும் கிடையாது என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்துப்போன மூன்று சந்தர்ப்பங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 1994, 2000, 2022-24. மூன்றும் இன்டெல் சிப்கள். மூன்றிலும் என்னை ஈர்த்தது ஒரே கேள்விதான்: தப்பு சிப்பில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுந்தது?

1994: கிராஷே ஆகாத பிழை

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்று ஒரு கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு பெரிய கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1994 ஜூனில் விடைகள் ஒத்துப்போகவில்லை என்று கண்டார். புதிதாகச் சேர்த்த பென்டியம் கம்ப்யூட்டரின் விடைதான் இடித்தது.

நம்மில் யாராக இருந்தாலும் முதலில் சொந்த புரோகிராமைத்தான் சந்தேகப்படுவோம். அவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். புரோகிராம், கம்பைலர், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, வேறு பென்டியம் கம்ப்யூட்டர்களிலும் போட்டுப் பார்த்து, பழைய 486 சிப்பில் இந்தப் பிழை வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். இதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிட்டது. அக்டோபர் 30 அன்று தனக்குத் தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மீதியை இணையம் பார்த்துக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான்: வகுத்தலை வேகமாகச் செய்ய சிப்புக்குள் ஒரு அட்டவணை உண்டு. அதில் 5 இடங்களில் இருக்க வேண்டிய மதிப்பு இல்லாமல் போயிருந்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும்; அந்த பென்டியம் 1.33373 என்று சொன்னது. கம்ப்யூட்டர் நிற்காது, நீலத்திரை வராது, தப்பான விடை மட்டும் சத்தமில்லாமல் வரும்.

சாதாரணப் பயனர் ஒருவருக்கு இது 27,000 வருஷத்தில் ஒருமுறைதான் நேரும் என்றது இன்டெல். சிப்பை மாற்றித்தர வேண்டுமானால், உங்கள் வேலைக்கு அது அவசியம் என்று நீங்கள் காட்ட வேண்டும். இது மக்களுக்குக் கோபத்தைக் கிளப்பியது. டிசம்பரில் ஐபிஎம் நிறுவனம் அந்த சிப் உள்ள கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20 அன்று, கேட்பவர்களுக்கெல்லாம் காரணம் கேட்காமல் மாற்றித்தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. இதற்காகக் கணக்கில் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

2000: கம்பைல் பண்ணினால் விழும் சிப்

1990களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு அனுபவ அறிவு இருந்தது. லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்யும்போது "சிக்னல் 11" என்ற பிழையோடு கம்பைலர் செத்துவிழும். மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் விழாது, வேறு ஒரு இடத்தில் விழும். புரோகிராமில் பிழை இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் விழ வேண்டும். இடம் மாறி மாறி விழுந்தால் மெமரி அல்லது வேறு ஹார்ட்வேர்தான் கோளாறு. இன்றைக்கும் கிராஷ் பற்றி யோசிக்கும்போது இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடையாது.

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முதலில் தொட்டது ஏஎம்டி. இன்டெல் இரண்டு நாள் பின்னால் வந்தது. அந்தப் போட்டியில் ஜூலை 31 அன்று 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வெளியானது. ஹார்ட்வேர் விமர்சனத் தளங்களான டாம்ஸ் ஹார்ட்வேர், ஹார்ட்ஓசிபி ஆகியவற்றின் ஆட்கள் தங்களுக்கு வந்த சிப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். லினக்ஸ் கெர்னலை அதனால் கம்பைல் செய்து முடிக்க முடியவில்லை. ஒருத்தருக்கு மட்டும் நடந்திருந்தால் அவருடைய மதர்போர்டு சரியில்லை என்று தள்ளிவிட்டிருக்கலாம். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கம்ப்யூட்டர்கள், ஒரே முடிவு. ஆகஸ்ட் 28 அன்று, வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத சிப்பை இன்டெல் திரும்பப் பெற்றது.

இதில் கவனிக்க வேண்டியது: 1994-இல் டிசைனில் தப்பு. 2000-இல் வேகத்தை எல்லை வரை இழுத்துவிட்டார்கள். எந்த சிப்பும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடக் குறைந்தபட்சம் இவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிர்ணயிப்பார்கள். போட்டி அதிகமாகும்போது முதலில் கரையும் விஷயம் அந்த இடைவெளிதான்.

2022: வயசாகிப்போன சிப்

2022 அக்டோபரில் இன்டெல்லின் 13-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் வந்தன, "ராப்டர் லேக்" என்ற பெயரில். ஒரு வருஷம் கழித்து 14-ஆம் தலைமுறை, கிட்டத்தட்ட அதே சிப். உச்சியில் இருந்த கோர் ஐ9-14900கே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். வாங்கின புதிதில் எல்லாம் அருமையாக ஓடின. மாதங்கள் போகப் போக கேம்கள் விழ ஆரம்பித்தன.

விழும்போது வந்த செய்திதான் இந்தக் கதையின் வில்லன். "வீடியோ மெமரி போதவில்லை" என்று அர்த்தம் தரும் பிழைச்செய்தி, அதுவும் அன்ரியல் எஞ்சினில் செய்த டெக்கன் 8 போன்ற கேம்களில். படித்தவர் என்ன செய்வார்? கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுவார். டிரைவர் மாற்றுவார். காசு இருந்தால் கார்டையே மாற்றுவார். பிரச்சினை அப்படியே இருக்கும்.

உண்மையில் நடந்தது வேறு. கேம் கோப்புகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிக்கும் வேலை ப்ராசஸருடையது. அதற்குப் பல கேம்கள் பயன்படுத்துவது ஊடில் என்ற மென்பொருள் நூலகம். சுருக்கிய தரவில் ஒரு பிட் மாறினாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. அதனால் ஊடில் தன் தரவைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். ப்ராசஸர் தப்பாகக் கணக்கிட்டதும் அது கையை விரிக்கும். அதை வாங்கிய எஞ்சினுக்குத் தெரிந்ததெல்லாம் கிராபிக்ஸ் பொருள் ஒன்றை உருவாக்க முடியவில்லை என்பது மட்டும்தான். எனவே அது வீடியோ மெமரி மேல் பழி போட்டது. ஊடிலை உருவாக்கிய ரேட் கேம் டூல்ஸ் இதைக் கண்டுபிடித்து, இது எங்கள் மென்பொருள் பிழை அல்ல, ப்ராசஸர் நிலையாக ஓடவில்லை என்று விளக்கிப் பொதுவெளியில் எழுதியது. 2024 ஏப்ரலில் என்விடியாவும், இந்தப் பிழை வந்தால் இன்டெல் பக்கம் பாருங்கள் என்று கை காட்டியது.

அடுத்த பழி மதர்போர்டு கம்பெனிகள் மேல் விழுந்தது. அதில் நியாயமும் உண்டு. இந்த சிப்களுக்கு இன்டெல் சொன்ன மின்சார உச்சம் 253 வாட். பல மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து எடுத்ததுமே அந்த வரம்பை 4096 வாட் என்று வைத்திருந்தன, அதாவது வரம்பே இல்லை. சரி, அமைப்புகளை இறக்கிவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2024 ஜூலையில் அந்த விளக்கமும் உடைந்தது. கேம் சர்வர்களில் இதே சிப்களை ஒர்க்ஸ்டேஷன் மதர்போர்டுகளில், அடக்கமான அமைப்புகளோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் சிப்கள் விழுகின்றன என்று லெவல்1டெக்ஸ் என்ற யூடியூப் சேனல் தரவுகளோடு காட்டியது. பாத் ஆஃப் டைட்டன்ஸ் கேமைச் செய்யும் ஆல்டரான் கேம்ஸ், தன் சர்வர்களிலும் பயனர்களிடமும் அதே நிலைதான் என்று வெளிப்படையாக எழுதியது. யாரும் வேகத்தைக் கூட்டவில்லை, வரம்பை எடுக்கவில்லை. அப்போ மதர்போர்டு மட்டும் காரணமாக இருக்க முடியாது இல்லையா?

ஜூலை 22 அன்று இன்டெல் ஒப்புக்கொண்டது: சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு வந்து, வோல்டேஜ் கோரிக்கைக்கு 1.55 வோல்ட் என்று கூரை போட்டது. உத்தரவாதக் காலம் இரண்டு வருஷம் கூட்டப்பட்டு, தனியாகப் பெட்டியில் வாங்கிய சிப்களுக்கு 5 வருஷம் ஆனது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற அடுத்த மைக்ரோகோடோடு மூல காரணத்தையும் சொன்னார்கள்.

மூல காரணம், தாளம். சிப்பின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரே துடிப்பைக் கொண்டுசேர்க்கும் சுற்று ஒன்று உண்டு. கச்சேரியில் தாளம் போடுபவர் மாதிரி. தட்டு ஒரு பாதி, வீச்சு ஒரு பாதி. இரண்டுக்கும் சரியான நேரம் கொடுத்தால்தான் வாசிப்பவர்கள் சேர்ந்து வர முடியும். அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் அந்தச் சுற்று மெல்ல மெல்ல வயதாகி, தட்டு நீண்டு வீச்சு குறுகுவது போல இரண்டின் பங்கும் மாறிப்போனது. அதே வேகத்தில் ஓட முன்பைவிட அதிக வோல்டேஜ் தேவைப்பட்டது. தொழிற்சாலையில் விட்டுவைத்த இடைவெளி தீர்ந்த அன்று, கேம் விழுந்தது.

இதில் இன்னொரு விஷயம். செப்டம்பரில் திருத்திய கோளாறு, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் லேசான வேலை செய்யும்போதும் அதிக வோல்டேஜ் கேட்பது. அதாவது மெயில் படிக்கும்போதும் சிப் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. கேம் அதைக் கெடுக்கவில்லை, கெட்டதைக் காட்டிக்கொடுத்தது. "கேம் ஆடி ஆடித்தான் கம்ப்யூட்டர் போச்சு" என்று பிள்ளைகளைத் திட்டுபவர்கள் கவனிக்கவும்.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. பிழைச்செய்தி என்பது விழுந்த இடத்தைச் சொல்லும், தள்ளிவிட்டவரைச் சொல்லாது. எனவே முதலில், விழுவது ஒரே இடத்திலா, இடம் மாறியா என்று எழுதி வையுங்கள். ஒரே கேம், ஒரே காட்சி என்றால் மென்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். கேமுக்கு கேம் மாறி, விதவிதமான பிழைகளோடு விழுந்தால் ஹார்ட்வேர்.

அடுத்து பயாஸை அதன் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மெமரியின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பும் ஒருவகை ஓவர்கிளாக்தான், அதையும் அணைத்துவிட்டு மெமரி சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். அதில் பிழையே வரவில்லை என்றால், பெரிய சுருக்கக் கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு சம்பந்தமே இல்லாத இந்த வேலையில் பிழை வந்தால் கார்டு பக்கம் போகவே வேண்டாம். கடைசியாக, ப்ராசஸரின் உச்ச வேகத்தை 200, 300 மெகாஹெர்ட்ஸ் குறைத்துவிட்டு அதே கேமை ஆடுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் சந்தேகம் ப்ராசஸர் மேல் உறுதியாகிறது. ஆனால் இது மருந்து அல்ல, சோதனை. தேய்ந்த சிப்பை எந்த மைக்ரோகோடும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. புதிய சிப் தேயாமல் காக்க மட்டுமே அதனால் முடியும். ஆக, பயாஸ் அப்டேட் போட்டும் விழுகிறது என்றால் சிப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

2025 ஜூலையில் ஐரோப்பாவில் வெப்ப அலை வீசியபோது, ஃபயர்பாக்ஸ் கிராஷ் அறிக்கைகளைப் பார்க்கும் மொஸில்லா பொறியாளர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார்: எந்தெந்த நாட்டில் வெயில் கொளுத்துகிறது என்று ராப்டர் லேக் கம்ப்யூட்டர்களின் கிராஷ் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிடலாமாம். அத்தனை வீடுகளிலும் ஒருவர் உட்கார்ந்து உலாவியையோ டிரைவரையோ விண்டோஸையோ திட்டிக்கொண்டிருந்திருப்பார்.

நைஸ்லிக்கு ஒத்துப்பார்க்க வேறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. விமர்சனத் தளங்களிடம் ஒரே சிப்பின் பல பிரதிகள் இருந்தன. சர்வர் நடத்துபவர்களிடம் ஏகப்பட்ட சிப்கள் இருந்தன. வீட்டில் இருப்பவரிடம் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பொய்யான பிழைச்செய்தி. அவரால் தனியாக நிரூபிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: கிராஷ் ஆனால் தேதி, நேரம், பிழைச்செய்தி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 13, 14-ஆம் தலைமுறை ஐ5, ஐ7, ஐ9 டெஸ்க்டாப் சிப்களில் இந்த நீட்டித்த உத்தரவாதத்துக்குள் வரும் சிப் வைத்திருப்பவர்கள் வாங்கிய தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், 5 வருஷம் இன்னும் முடியாமல் இருக்கலாம்.