லாரிகள் விலகிய பிறகு: நியூபெரி புறவழிச்சாலை, 1963 முதல் 2006 வரை

இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில், கென்னட் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருக்கும் சந்தை ஊர் நியூபெரி. லண்டனிலிருந்து மேற்கே பாத் நகருக்குப் போகும் ஏ4 சாலையும், சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாக நடு இங்கிலாந்துக்குப் போகும் ஏ34 சாலையும் இங்கேதான் குறுக்கிட்டன. குதிரை வண்டிக் காலத்தில் அந்தச் சந்திப்பு ஊருக்குச் சோறு போட்டது. லாரிக் காலத்தில் அதுவே ஊரை மூச்சுத் திணற வைத்தது. சரக்கு லாரிகளை ஊருக்கு வெளியே அனுப்ப நடந்த முயற்சிகளைக் காலவரிசையில் தொடர்ந்து பார்த்து, அவற்றால் ஊர் பெற்றது என்ன, கைநழுவ விட்டது என்ன என்று கணக்கிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏ34 ஊரின் கடைத்தெருவான நார்த்புரூக் தெரு வழியாகவே வந்தது. தெருவின் தென்கோடியில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கல்பாலம். எதிரெதிரே இரண்டு குதிரை வண்டிகள் ஒதுங்கிப் போகப் போதுமான அகலத்தில் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் மீது, துறைமுகச் சரக்கெல்லாம் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் கடைத்தெருவுக்குச் சற்றுக் கிழக்கே இருவழிப் பிரிப்புச் சாலை ஒன்று திறக்கப்பட்டது. பாலம் தப்பியது. ஆனால் லாரிகள் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு தெருவை விட்டு மறு பக்கம் போயின, அவ்வளவுதான்.

அதே காலத்தில் நியூபெரிக்கு வேறொரு முக்கியத்துவமும் கிடைத்தது. காலின் புக்கானன் தலைமையில் தயாராகி 1963-ல் வெளிவந்த ‘டிராஃபிக் இன் டவுன்ஸ்’ அறிக்கை, நகரப் போக்குவரத்துச் சிந்தனையின் திசையையே மாற்றியது. சிற்றூருக்கு எடுத்துக்காட்டாக அது ஆராய எடுத்துக்கொண்ட ஊர் நியூபெரி. ஒரு தெரு எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதை அதன் அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, அங்கே குடியிருப்பவர்களின் நலமும் நடந்து போகிறவர்களின் பாதுகாப்பும் சேர்ந்துதான் அந்த அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது புக்கானனின் அடிப்படை வாதம். பின்னால் நடந்ததையெல்லாம் அறிந்து இன்று அதைப் படித்தால், நியூபெரிக்குத் தேவையான மருந்துச் சீட்டு அப்போதே எழுதப்பட்டுவிட்டது தெரிகிறது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஊரின் சுமையைக் கூட்டியவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே நடந்த வேலைகள். 1960களின் இறுதியில் சவுத்தாம்ப்டனில் கன்டெய்னர் முனையம் வந்தது. 1971-ல் திறந்த எம்4 விரைவுச்சாலை லண்டன்–பாத் போக்குவரத்தை வடக்கே இழுத்துக்கொண்டது. கிழக்கு மேற்கு நெரிசல் அத்தோடு தணிந்தது. ஆனால் தெற்கிலிருந்து அந்த விரைவுச்சாலையைப் பிடிக்க வேண்டிய லாரிகள் நியூபெரியைக் கடந்தே ஆக வேண்டும். 1991-ல் ஆக்ஸ்ஃபோர்டையும் பர்மிங்காமையும் எம்40 முழுமையாக இணைத்தது. 1994-ல் வின்செஸ்டர் அருகே ட்வைஃபோர்டு குன்றைப் பிளந்து எம்3 நிறைவேறியது. வடக்கும் தெற்கும் சீரானதும் இடையில் இருந்த நியூபெரியின் ரவுண்டானாக்களில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு சாலையையும் தனித் திட்டமாகப் பார்த்த நிர்வாக முறையின் விளைவு இது. ஊர் மக்கள் இதில் எந்தப் பிழையும் செய்யவில்லை.

ஊருக்கு மேற்கே சுமார் 14 கிலோமீட்டர் நீளப் புறவழிச்சாலைக்கு 1988-ல் பொது விசாரணை நடந்தது, 1992-ல் இன்னொன்று. திட்டத்துக்கு உள்ளூரில் வலுவான ஆதரவு இருந்தது. வணிகர்கள் வேண்டினார்கள், 1993 இடைத்தேர்தலில் வென்ற லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் டேவிட் ரெண்டலும் ஆதரித்தார். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: நியூபெரியைப் பற்றிய நினைவுகளில் மரமேறிப் போராடியவர்கள் மட்டுமே எஞ்சிவிட்டார்கள், சன்னல் திறக்க முடியாமல் வாழ்ந்தவர்கள் மறைந்துபோனார்கள்.

எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது. பாதை ஸ்நெல்ஸ்மோர் பொதுநிலத்தின் ஓரத்தை வெட்டியது. கென்னட், லாம்போர்ன் ஆறுகளைக் கடந்தது. 1640களின் உள்நாட்டுப் போர்க்களங்களை ஒட்டிப் போனது. 1994 டிசம்பரில் முடிவைத் தள்ளிப்போட்ட போக்குவரத்து அமைச்சர் பிரயன் மாவினி, 1995 ஜூலையில் அந்தத் துறையை விட்டுப் போகும் தறுவாயில் அனுமதி தந்தார். 1996 ஜனவரியில் மரம் வெட்டத் தொடங்கியதும் இருபதுக்கும் மேற்பட்ட முகாம்கள் முளைத்தன. மரக்கிளைகளில் குடில் கட்டியும், மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டியும் வேலையை மறித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். சுமார் பத்தாயிரம் மரங்கள் வீழ்ந்தன. டெஸ்மூலின் நத்தை என்னும், சில மில்லிமீட்டரே உள்ள அரிய உயிரி பாதையில் வாழ்வது தெரிந்ததும் வழக்கு நடந்தது. நத்தைகளை வேறிடம் மாற்றினார்கள். மாற்றிய இடத்தில் அவை பிழைக்கவில்லை என்பது பத்தாண்டு கழித்துத் தெரியவந்தது. வாழிடத்தைப் பெயர்த்து நட்டுவிடலாம் என்று திட்டங்களில் தரும் உறுதிமொழிகளை எடைபோட இந்த ஒரு செய்தி போதும்.

1998 நவம்பர் 17 அன்று, போராட்டக்காரர்களுக்குத் தெரியாதிருக்க, நள்ளிரவு கடந்த வேளையில் விழா இல்லாமல் சாலை திறக்கப்பட்டது. நீண்ட தூர லாரிகள் அதற்கு மாறின. ஊருக்குள் கனரக வாகனங்கள் வெளிப்படையாகக் குறைந்தன. ஊருக்குள் அதுவரை ஏ34 ஆக இருந்த இருவழிப் பிரிப்புச் சாலைக்கு ஏ339 என்று எண் மாறியது. லாரிகளை விலக்க வேண்டும் என்ற குறிக்கோள் நிறைவேறியது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் காலியான இடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்? புதுச் சாலை போட்டால் புதுப் பயணங்கள் பிறக்கும் என்று அரசின் ஆலோசனைக் குழுவே 1994-ல் அறிக்கை தந்திருந்தது. நியூபெரியில் அது கண்முன் நடந்தது. லாரிக்குப் பயந்து ஊருக்குள் வராமலிருந்த கார்கள் திரும்பின. நல்ல சாலைத் தொடர்பை நம்பி அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெருகின. கிராமப்புற இங்கிலாந்தைக் காக்கும் இயக்கத்துக்காக 2006-ல் செய்த ஆய்வு, நெரிசல் நேரத்தில் ஊருக்குள் ஓடும் வண்டிகள் பழைய அளவை நெருங்கிவிட்டன என்று கண்டது. பெருக்கியது வெளியூர் லாரி அல்ல, உள்ளூர்க் காரே. புறவழியிலும் வண்டிகள் கணித்ததைவிட வேகமாகக் கூடின. எம்4 சந்திப்பான சீவ்லி ரவுண்டானா அடுத்த முட்டுக்கட்டையானது; 2004-ல் ஏ34 சாலையை விரைவுச்சாலைக்கு அடியில் கொண்டுபோக வேண்டி வந்தது.

புறவழிச்சாலையைக் கட்டியதே பிழை என்று இந்தச் சான்றுகளை வைத்து முடிவு கட்ட முடியாது. துறைமுக லாரிக்குக் கடைத்தெருவில் வேலையில்லை. பிழை நடந்த இடம் ஊருக்கு உள்ளே. லாரிகள் விலகிய அந்த வாரத்திலேயே ஏ339 சாலையைக் குறுக்கி, மீந்த அகலத்தைப் பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் நடப்பவர்க்கும் எழுதித் தந்திருக்க வேண்டும். நார்த்புரூக் தெருவைப் பகலில் நடப்பவர்களுக்கே ஒதுக்கியது நல்ல வேலை. ஊரைப் பிளந்து போகும் அந்த இருவழிப் பிரிப்புச் சாலையோ, லாரிகளுக்காக 1960களில் போட்ட அதே அகலத்தில் அப்படியே விடப்பட்டது.