லினக்ஸ் வீட்டுக்கு வந்த வரலாறு

கணனியை இயக்குதற்கு அதனுள்ளே ஓர் இயங்குதளம் வேண்டும். வாங்கும்பொழுதே விண்டோஸ் உடன் வருதலால், வேறொன்றைத் தெரிந்து நிறுவலாமென்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. அவ்வுரிமை இல்லத்தவர்க்கு வாய்த்த வரலாறு அறியத்தக்கது.

1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான றிச்சாட் ஸ்ரோல்மன், எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க இயங்குதளமொன்றை ஆக்க முற்பட்டார். அதன் உறுப்புகள் பல அமைந்தன. அவற்றை இயக்கும் கருமட்டும் முற்றுப்பெறவில்லை. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணாக்கராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் அத்தகைய கருவொன்றை எழுதி வெளியிட்டார். அதுவே லினக்ஸ்.

கருவும் உறுப்புகளும் வெவ்வேறிடத்துக் கிடந்தால் யாது பயன்? அவற்றை ஒருங்கே தொகுத்தளிக்கும் 'வழங்கல்கள்' தோன்றின. 1993 யூலையில் பற்றிக் வொல்கேர்டிங் வெளியிட்ட சிலாக்வெயார் 24 நெகிழ்தட்டுகளில் அடங்கிற்று. மறுமாதமே இயன் மேர்டொக் டெபியனைத் தொடங்கினார். எனினும், அந்நாளில் நிறுவுதல் வல்லுநர் தொழிலாகவே இருந்தது. வன்தட்டைத் தாமே பகுத்தல் வேண்டும். திரையின் அதிர்வெண்ணையும் அறிந்து எழுதுதல் வேண்டும். சிறிது பிழைப்பினும் முன்னிருந்த கோப்புகள் அழிந்தொழியும். இவ்வச்சமே வீட்டுவாயிலை அடைத்து நின்றது.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முதுமொழி. ஆழமறியும் வழியைப் பரவச்செய்தவர் ஜேர்மனியரான கிளவுஸ் க்னொப்பர். 2000ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட க்னொப்பிக்ஸ், வன்தட்டைத் தீண்டாமல் இறுவட்டிலிருந்தே இயங்கியது. 2004 ஒக்ரோபரில் தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த், டெபியனை அடியாகக் கொண்டு உபுண்டுவை வெளியிட்டார். கேட்டவர்க்கு இறுவட்டுகள் தபாலில் இலவசமாகவே அனுப்பப்பட்டன. 2006இல் அதன் 6.06ஆம் பதிப்பு, முயன்று பார்த்த அதே இறுவட்டிலிருந்து நிறுவவும் வழிசெய்தது. அவ்வாண்டே உபுண்டுவின் வழியில் லினக்ஸ் மின்ற் பிறந்தது.

இவ்வரலாறு இன்று நமக்கு வேண்டுவதேன்? 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. பழுதற்ற பல கணனிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியற்றன. அவற்றை எறிவதோ, காப்பின்றிப் பயன்படுத்துவதோ தகாது. லினக்ஸ் அவற்றுக்கு வாழ்நாளை நீட்டித் தரவல்லது.

தெரிவு செய்யுங்கால் அழகைமட்டும் நோக்கற்க. எத்தனை ஆண்டு திருத்தங்கள் வழங்கப்படுமென்பதையும், கணனியின் நினைவகம் எத்துணையதென்பதையும் நோக்குக. புதியவர்க்கு மின்றும் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் ஏற்றவை. நினைவகம் குறைந்த கணனிக்கு மின்றின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். டெபியனைத் தமிழிலேயே நிறுவலாம்.

நிறுவுமுன் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டிற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. பின்னர் வழங்கலைப் பென்ட்ரைவில் எழுதி, அதிலிருந்து கணனியை இயக்கி, இணையமும் ஒலியும் அச்சுப்பொறியும் செவ்வனே தொழிற்படுகின்றனவா எனச் சோதித்தறிக. நிறுவும்போது 'விண்டோசுடன் சேர்த்து' என்பதற்கும் 'முழுவதையும் அழித்து' என்பதற்குமுள்ள வேறுபாட்டைப் படித்தபின்பே சம்மதம் தருக.

இளைஞர்காள்! உங்கள் இல்லத்து மூத்தோரின் கணனியில் முதலிற் கைவைக்கப்போகின்றவர்கள் நீங்களே. அவர்கள் பல்லாண்டு சேர்த்த கோப்புகளைக் காத்து, முயன்று பார்த்து, அவர்கள் மனமிசைந்த பின்னரே நிறுவுங்கள். பலர் உழைத்துத் திறந்த வாயில் இது, நிதானத்துடன் நுழைவோமாக.