சவுக்கடி முதல் சம்பளச் சீட்டு வரை



இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்துக்காக முத்துப்பேட்டை பக்கம் போய்வருவோம். முத்துப்பேட்டை என்றதும் அலையாத்திக் காடும் படகுச் சவாரியும் ஜாம்புவானோடை தர்காவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றியிருக்கும் வயல்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வேலை செய்கிறவருக்கும் உரிமை உண்டு என்பதைப் போராடி எழுத்தில் வாங்கிய வரலாறு அது.

நம்மில் பெரும்பாலோர் எங்கேயோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறோம். அதே நேரம் நம் வாசலில் காவலுக்கும், வீட்டில் பாத்திரம் துலக்கவும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தக் கதையைப் படித்துப் பாருங்கள்.

பண்ணையாள் என்பவர் யார்?

இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் ஒரே தஞ்சை மாவட்டமாக இருந்த காலம். நஞ்சை நிலத்தில் பெரும்பகுதி மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் கையில் இருந்தது. அதில் இறங்கி உழைத்தவர்கள் பண்ணையாட்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியலினத்தவர்.

கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் ஒரு குடும்பத்தையே பண்ணையில் கட்டிப் போட்டுவிடும். குடிசை நிற்பதும் ஆண்டையின் மனையில்தான். வேலையை விட்டால் வீடும் போகும். கூலி நெல்லாக அளக்கப்படும். அளக்கும் மரக்காலும் பண்ணையினுடையதே. மரக்கால் சின்னதாக இருந்தாலும் கேட்க முடியாது. கேட்டவருக்கும், வேலைக்குத் தாமதமாக வந்தவருக்கும் கிடைத்த தண்டனை சவுக்கடியும், கரைத்துக் குடிக்க வைக்கப்பட்ட சாணிப்பாலும்.

மரக்காலுக்கு ஒரு முத்திரை

1943இல் பி. சீனிவாச ராவ் என்பவர் விவசாயச் சங்கம் கட்டத் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். தமிழ் தடுமாறினாலும், சேரிகளிலேயே தங்கி, அங்கே கிடைத்ததைச் சாப்பிட்டு வேலை பார்த்தார். மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் சங்கம் வேர்பிடித்தது. களப்பால் குப்பு போன்ற உள்ளூர்த் தலைவர்கள் எழுந்தார்கள்.

1944இல் மன்னார்குடியில் மிராசுதார்கள், சங்கத்தினர், அரசு அதிகாரிகள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது. கூலியை முத்திரையிட்ட மரக்காலில்தான் அளக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை; கூலியை அளக்கும் கருவி இரு தரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இன்று நம் கையில் இருக்கும் சம்பளச் சீட்டு செய்வதும் இதையேதான். எவ்வளவு கொடுத்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்று சரிபார்க்க முடியாத சம்பளம், முத்திரை இல்லாத மரக்கால்தான்.

மூவர் வரலாறு

இந்தப் பகுதிக்கும் மலாயாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. முத்துப்பேட்டைக்கு அருகிலுள்ள தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி மலாயாவில் தொழிற்சங்கத் தலைவரானார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டது பிரிட்டிஷ் அரசு.

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாட்டாக்குடியைச் சேர்ந்த இரணியன், மலாயா சென்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கூலித் தொழிலாளர்களைத் திரட்டினார். ஜாம்புவானோடை சிவராமனும் அவரோடு சேர்ந்து நின்றார். 1950 மே மாதத்தில் இருவரும் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தர்காவுக்குப் போகும் வழியில் ஜாம்புவானோடை என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்தது, சந்தும் கண்டுபிடிக்கப்பட்டது

1948இல் மாயவரத்தில் கூலி பற்றி இன்னோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், தக்க காரணம் இல்லாமல் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றும் அது சொன்னது. தகராறு வந்தால் முறையிட சமரச அதிகாரியும் உண்டு.

ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருந்தவருக்குத்தான் சட்டம் பொருந்தும். நிலத்தைக் குடும்பத்துக்குள் பல பெயர்களில் பிரித்து எழுதினார்கள். பண்ணையாள் என்ற ஏற்பாட்டையே கைவிட்டு, அதே ஆட்களைத் தினக்கூலியாக வைத்துக்கொண்டார்கள். பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு? தினக்கூலிக்கு இல்லையே! ஒப்பந்த ஊழியர் என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

கூலித் தகராறு கொதித்துக்கொண்டே இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் பின்னணி. கீழ் நீதிமன்றம் நில உரிமையாளர்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அதன் பிறகு கணபதியா பிள்ளை குழு அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் நீங்கிய பிறகுதான் பலரால் நிமிர்ந்து கூலி பேச முடிந்தது. நாடு முழுவதும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது.

நமக்கு என்ன?

முதலில், சம்பளம் வாங்குகிறவர்களாக. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, முக்கியமான மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகலை அலுவலகக் கணினிக்கு வெளியிலும் வைத்திருங்கள். ராஜினாமா கடிதம் எழுதித் தரச் சொல்லி அவசரப்படுத்தினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே எழுத்தில் அனுப்பிப் பதில் கேளுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு.

அடுத்து, சம்பளம் கொடுக்கிறவர்களாக. நம் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் ஒப்பந்ததாரரின் ஆட்கள்தானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒப்பந்ததாரர் கொடுக்கும் சம்பளச் சீட்டு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீது ஆகியவற்றைப் பார்த்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுப்பது நல்ல வழக்கம். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், போய்வரக் கழிப்பறை, இவை சலுகைகள் அல்ல.

வீட்டு வேலை செய்வோருக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்ய உங்கள் வீட்டுக்கு வருபவருக்கு உதவுங்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் பொருந்தும். அவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் செய்யலாம். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் சம்பளத்தை நிறுத்தி வைக்கவும், பையைச் சோதிக்கவும், மிரட்டவும் நமக்கு அதிகாரம் கிடையாது. சந்தேகம் இருந்தால் அது போலீசார் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்வைக்கலாம் என்று தோன்றுகிறது: இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் சம்பளம், வேலை நேரம், விடுப்பு ஆகியவை தமிழில் ஒரு தாளில் எழுதப்பட்டு, அதன் நகல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். முத்திரையிட்ட மரக்கால் கேட்டவர்கள் பட்ட பாட்டோடு பார்த்தால், நமக்கு இதற்கு ஆகும் செலவு சில தாள்கள்தான். வந்து கலந்துகொள்ளுங்கள், மாற்றுக் கருத்து இருந்தாலும் அங்கே பேசுவோம்.